வீட்டின் பன்னிரண்டாம் ஆட்டக்காரர்

சித்திரை மாதம் மூன்றாவது வாரம் கழிந்ததும் பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் ஆரம்பமாகிறது. வைகாசி நடுவில் விடைபெற்றுக்கொள்கிறது. இங்கிலீஷ் தேதிப்படி பெரும்பாலும் மே 4 முதல் 28 வரையில் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 25 நாட்களும் சூரிய பகவான் தமிழ் நாட்டின் மீது வைக்கும் பிரியத்தை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சில வருஷங்களில் அந்தப் பிரியம் பஞ்சாங்கத்துக்கும் கட்டுப்படுவதில்லை. 2003-ம் வருஷம், அக்கினி நட்சத்திரம் விடைபெற்றுப் போன பிறகு, மே 31-ந் தேதி சென்னையில் உஷ்ணமானி 45 டிகிரி காட்டிற்று!

இப்படிப்பட்ட காலத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடுகிறோம். வெயிலுக்குப் பயந்து பெரியவர்கள் விட்ட விடுமுறையை, வெயிலைப் பற்றிக் கொஞ்சமும் பயமில்லாத குழந்தைகள் அனுபவிக்கிறார்கள். இது நம் தேசத்தின் விசித்திரங்களில் ஒன்று. விசித்திரமானாலும் நல்ல ஏற்பாடு என்பதே நமது அபிப்பிராயம்.

பணமுள்ளவர்கள் கோடைக்கு மலையேறுவது பழைய வழக்கம். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆண்ட காலத்தில், கோடை வந்ததும் சென்னை ராஜதானியின் சர்க்காரே தஸ்தாவேஜுகளைக் கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்குப் போய்விடும். சர்க்கார் குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்து உத்தரவு போடும். ஜனங்கள் கீழே வெயிலில் இருந்து அதற்குக் கீழ்ப்படிவார்கள். துரைமார்கள் போய்விட்டார்கள். ஆனால் கோடை என்றால் ஊட்டி அல்லது கொடைக்கானல், இரண்டும் இல்லாவிட்டால் விடுமுறையே வீண் என்ற எண்ணம் மட்டும் நம்மில் சிலரை விட்டுப் போகவில்லை. குன்றின் மேல் அறை கிடைக்காமல், வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு, போன களைப்புத் தீர மறுபடியும் இரண்டு நாள் விடுப்பு எடுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் நமக்கு அனுதாபமே தவிரப் பொறாமை இல்லை.

ஏனெனில் கோடையின் நல்ல சுகங்கள் எல்லாம் கீழேயேதான் இருக்கின்றன. அவற்றுக்கு டிக்கட் வாங்க வேண்டியதில்லை. நுங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணுள்ள அந்தப் பனங்காயைச் சீவிக் கொடுத்தால், கண்ணைத் தோண்டி உறிஞ்சுவது ஒரு சந்தோஷம். உறிஞ்சிப் போட்ட இரண்டு காய்களைக் குச்சியால் கோத்துக் கவட்டையால் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடுவது அடுத்த சந்தோஷம். தின்பண்டமும் வாகனமும் ஒரே காயில் கிடைக்கும் ஏற்பாட்டை எந்த யந்திரசாலையும் இன்னும் செய்ததாகத் தெரியவில்லை.

மொட்டை மாடியில் வடாம் பிழிவது மற்றொரு வைபவம். வீட்டு அம்மாள் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து அரிசிமாக் கூழ் கிளறுகிறாள். வெயில் ஏறுவதற்குள் பழைய வேஷ்டியை விரித்துப் பிழிந்துவிடுகிறாள். பிறகு காக்கை ஓட்டும் உத்தியோகம் குழந்தைகளுக்கு வருகிறது. கையில் குடையும் கோலும் கொடுத்து அவர்களை உட்கார வைக்கிறார்கள். அந்த வடாத்தில் காக்கை தின்றது எவ்வளவு, காவல்காரர்கள் அரைக் காய்ச்சலாக எடுத்துத் தின்றது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது.

நடுப்பகலில் கூடத்துக்குள் ஒதுங்கினால் பல்லாங்குழி இருக்கிறது; தாயக்கட்டம் இருக்கிறது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டால் ஆடு புலி ஆட்டம். 3 புலிகள் ஒரு பக்கம், 15 ஆடுகள் மறு பக்கம். புலிக்குப் பலம் உண்டு. ஆட்டுக்கு ஒற்றுமை உண்டு. ஆடுகள் கூடி நின்று வழியடைத்தால் புலி அசைய முடியாமல் தோற்றுப்போகிறது. ஓர் அடிமை தேசத்துக் குழந்தைகளுக்கு இதைவிடச் சுருக்கமான அரசியல் பாடத்தை யாரும் எழுதியிருக்க முடியாது. சுதந்திர தேசத்துக் குழந்தைகளும் அதை மறக்காமல் இருப்பது நலம்.

சாயங்காலமானால் கடற்காற்று. பகலெல்லாம் கடலைவிட நிலம் அதிகமாகக் காய்ந்து, அதன் மேலுள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மேல் காற்று பலமாயிருக்கும் நாளில் அது வரத் தாமதமாகும். வந்து சேர்ந்தவுடன் ஊரே ஒரு பெருமூச்சு விடும். இரவு மாடியில் பாயை விரித்துப் படுத்தால், மே மாதத்து முன்னிரவில் வடக்கே ஸப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கிறது. அதன் வால் வளைவைக் கண்ணால் தொடர்ந்து போனால் சுவாதி தென்படும். அதே வளைவில் இன்னும் சற்றுப் போனால் சித்திரை. தெற்கே தாழ்வாகத் திரிசங்கு நான்கு புள்ளிகளாகத் தொங்கும். ஸப்தரிஷிகளில் வஸிஷ்டருக்கு அருகே அருந்ததி. கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததியைப் பார்த்துவிட்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தம்பதிகள் நிஜமாகவே பார்த்துக்கொள்வதற்கு இது தருணம்.

மேலே சொன்ன சுகங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை யாவும் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கும் சுகங்கள். தனியே அல்ல, பலர் கூடிப் பார்க்கும் சுகங்கள். இந்த வரிசையில் இக்காலத்துக் கோடை சேர்த்துக்கொண்டிருக்கும் பெரிய சுகம், விளையாட்டுப் பார்ப்பது. 2008-ம் வருஷத்திலிருந்து ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயங்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே நடைபெறுவதால், கோடை இரவும் கிரிக்கெட்டும் ஒன்றாகிவிட்டன.

“தான் விளையாடாமல் பிறர் விளையாடுவதைப் பார்ப்பதில் என்ன பிரயோஜனம்?” என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வோம். சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் பொங்கல் காலத்தில் ஐரோப்பியர் கட்சியும் இந்தியர் கட்சியும் மோதிய பந்தயங்கள் ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் திருவிழாவாக இருந்தன. வெள்ளைக்காரருக்கென்று மட்டும் கிரிக்கெட் சங்கம் இருந்த நாளில், 1888-ல் இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தவர் புச்சி பாபு நாயுடு. அவர் 1908-ல் காலமாகிவிட்டார். அவர் ஆசைப்பட்ட பந்தயங்கள் பின்னால் நிலைபெற்றுப் பல வருஷங்கள் நடந்தன. ஆபீஸில் துரைக்கு எதிரே நிமிர்ந்து நிற்க முடியாத குமாஸ்தா, துரை வீசிய பந்தை நம் ஆள் எல்லைக்கோட்டுக்கு அனுப்புவதை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிரயோஜனம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

1934 பிப்ரவரியில் அதே மைதானத்தில் முதல் டெஸ்ட் மாட்ச் நடந்தது. ஸி. கே. நாயுடு தலைமை வகித்த நம் கட்சி இங்கிலாந்திடம் தோற்றது. 18 வருஷம் கழித்து, 1952 பிப்ரவரி 10-ந் தேதி, இந்தியா டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாக வெற்றி கண்டது. அதுவும் சேப்பாக்கத்தில்தான், அதுவும் இங்கிலாந்தின் மீதுதான். வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸ்களிலும் சேர்ந்து 12 விக்கெட்டுகளை வீழ்த்த, இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசத்தில் ஜெயித்தோம். புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதப் பொட்டலமுமாக மைதானத்துக்குப் போன குடும்பங்கள் அன்றைக்குச் சரித்திரத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பின.

ஜெயிக்கும்போது மகிழ்வது பெரிய காரியமல்ல. பார்ப்பவனின் தகுதி தோற்கும்போதுதான் தெரிகிறது. 1997-ம் வருஷம் மே 21-ந் தேதி, அக்கினி நட்சத்திரத்தின் நடுவே, பாகிஸ்தான் ஆட்டக்காரர் சயீத் அன்வர் சேப்பாக்கத்தில் 194 ரன் எடுத்தார். புழுக்கத்தில் உடல் சோர்ந்து, தமக்காக ஓடுவதற்கு ஒரு துணையாளை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. ஒரு நாள் பந்தயங்களில் அதுவரை உலகில் ஒருவரும் அவ்வளவு ரன் எடுத்ததில்லை. நம் பந்து வீச்சாளர்களைத்தான் அவர் அப்படி விளாசினார். நம் கட்சிதான் தோற்றது. ஆயினும் கூட்டம் கைதட்டிற்று. 1999 ஜனவரி 31-ந் தேதி அதே பாகிஸ்தான் கட்சியுடன் டெஸ்ட் மாட்ச். 271 ரன் வேண்டும். சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ரன் எடுத்து, வெற்றி கைக்கெட்டிய சமயத்தில் ஆட்டமிழந்தார். 12 ரன்னில் தோற்றுப்போனோம். நெஞ்சு உடைந்த அந்த நிமிஷத்தில் சென்னை ஜனங்கள் எழுந்து நின்று எதிர்க்கட்சிக்குக் கைதட்டினார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். பிறருடைய திறமையில், தனக்கு யாதொரு லாபமுமின்றி, சில சமயம் நஷ்டத்திலும்கூட மகிழ்வதற்கு மனிதன் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது. ஆகவே விளையாட்டுப் பார்ப்பது வீண் என்று நாம் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

சரி, மைதானத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். எல்லாரும் சேப்பாக்கத்துக்குப் போக முடியாது. கூடத்தில் டெலிவிஷன் பெட்டி இருக்கிறது. தாத்தா சாய்வு நாற்காலியில், அப்பா சுவரோரத்தில், பிள்ளைகள் தரையில், விடுமுறைக்கு வந்த அத்தை பிள்ளையும் மாமா பெண்ணும் கிடைத்த இடத்தில். மின்விசிறி சுழல்கிறது, பந்து பறக்கிறது, கூடம் அதிர்கிறது. வீட்டு வாழ்க்கையின் இன்பங்களைச் சித்திரம் தீட்ட விரும்பும் ஓவியர் இந்தக் காட்சியைத் தாராளமாகத் தீட்டலாம்.

தீட்டுகிற ஓவியரை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். சித்திரத்தில் உள்ளவர்களை ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். ஓர் ஆள் குறைவார்.

கூடத்தில் “ஆ!” என்று சத்தம் எழுந்ததும் சமையலறையிலிருந்து ஒரு குரல் வருகிறது: “என்ன, அவுட்டா?” பதில் சொல்ல யாருக்கும் அவகாசம் இல்லை. தோசைத் திருப்பியும் கையுமாக அவள் வாசற்படிக்கு வரும்போது, நடந்தது முடிந்துபோயிருக்கும். அதை மறுபடி ஒரு தடவை காட்டுவார்கள். அவள் பார்ப்பதெல்லாம் அந்த மறுபடி காட்டும் காட்சிதான். அதையும் முழுக்கப் பார்ப்பதற்குள் அடுப்பில் தோசை கூப்பிடும். அல்லது கூடத்திலிருந்து, “அம்மா, தண்ணீர்!” என்று கூப்பிடுவார்கள்.

கிரிக்கெட்டில் பன்னிரண்டாம் ஆட்டக்காரர் என்று ஒருவர் உண்டு. கட்சியில் அவருக்கு இடம் உண்டு; ஆட்டத்தில் இடம் இல்லை. களைத்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு வருவார். உடைந்த மட்டைக்கு வேறு மட்டை கொண்டு வருவார். யாருக்காவது அடிபட்டால் அவருக்குப் பதிலாகக் கொளுத்தும் வெயிலில் நின்று பந்து பொறுக்குவார். மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் பொதுவாக அவருக்கு உரிமை கிடையாது. ஜெயித்தால் படத்தில் ஓரமாக நிற்பார். கௌரவமான வேலைதான், ஒருவர் செய்துதான் ஆகவேண்டும். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த மாட்சில் தண்ணீர் சுமந்தவர் அடுத்த மாட்சில் முதல் ஆட்டக்காரராக இறங்கலாம். நம் வீடுகளிலோ, கல்யாணமான நாள் தொட்டு ஒரே ஆள்தான் பன்னிரண்டாம் ஆட்டக்காரர்!

இது நமது கற்பனை என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2019-ம் வருஷத்தில் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், ஜனங்கள் தங்கள் நாளை எவ்விதம் செலவிடுகிறார்கள் என்று தேசம் முழுவதும் விசாரித்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். அப்படி ஈடுபட்ட பெண்கள் அதில் நாள் ஒன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அதாவது பெண்களுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஐ.பி.எல். பந்தயம் ஒன்று தொடங்கி முடிய அவ்வளவு நேரம் ஆவதில்லை.

சாதாரண நாட்களின் கணக்கு இது. விடுமுறை வந்தால் என்ன ஆகிறது? பள்ளிக்கூடம் இருந்த நாளில் பிள்ளைகள் மத்தியானம் வீட்டில் இருப்பதில்லை. இப்போது இருக்கிறார்கள், பசியோடு இருக்கிறார்கள். ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள். காலையில் வடாம், பகலில் சாப்பாடு, மூன்று மணிக்கு முறுக்கு, இரவில் தோசை. பள்ளி மூடிய அன்றே சமையலறை இரட்டை வகுப்பு நடத்த ஆரம்பிக்கிறது. மேலே நாம் வரிசையாகப் புகழ்ந்த சுகங்களை நேயர்கள் மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். நாலு மணிக்குக் கூழ் கிளறியது யார்? மைதானத்துக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தது யார்? மாடியில் எல்லாரும் நட்சத்திரம் பார்க்கும்போது, கீழே பாத்திரம் ஒழித்துக்கொண்டிருப்பது யார்? விடுமுறை என்பது வீட்டிலுள்ள ஒருவர் தவிர மற்றவர்களுக்கு என்று ஆகிவிட்டால், அதை விடுமுறை என்று சொல்வதைவிட, வேலையை ஒருவர் தலையில் மாற்றி வைத்த ஏற்பாடு என்று சொல்வதே பொருந்தும்.

“அவளுக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது, தெரியவும் தெரியாது” என்று சில கனவான்கள் சமாதானம் சொல்வார்கள். நல்லது. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தது எந்தப் பயிற்சிசாலை? அவருடைய தாயார் சுசீலா அம்மாள்தான். குடும்பம் பிலிப்பைன்ஸ் தேசத்தில் வசித்தபோது அங்கே டெலிவிஷனில் பகல் வேளையில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று காட்டுவார்கள். பிள்ளை அப்போது பள்ளியில் இருப்பான். தாயார் அதைப் பார்த்து, அதில் வரும் புதிர்களைக் குறித்து வைத்துக்கொள்வார். பிள்ளை வந்ததும் இருவருமாக உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். அந்தப் பிள்ளை 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் உலக சாம்பியனும் ஆனார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. பகலில் ஒரு தாய்க்கு டெலிவிஷன் முன் அமைதியாக உட்காரச் சிறிது நேரம் கிடைத்தது என்பதை மட்டும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அறிவு அவளிடம் ஏராளமாக இருக்கிறது, அவகாசந்தான் இல்லை. 2025-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்து உலகக் கோப்பையை வென்றார்கள். அந்தப் பந்தயத்தைக்கூட எத்தனை வீடுகளில் ஆண்கள் கூடத்திலும் பெண்கள் சமையலறையிலும் இருந்து அனுபவித்தார்களோ!

பிரசங்கம் போதும், காரியத்துக்கு வருவோம். இந்தக் கோடைக்கு நாம் சிபாரிசு செய்யும் சீர்திருத்தத்துக்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை, செலவும் இல்லை. முதலாவது, மண்பானைத் தண்ணீரைத் தாகமெடுத்தவர் தாமே எழுந்து சென்று குடிப்பது. பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரச் செய்துவிடுகிறது. பானை தன் பங்கைச் செய்கிறது. நாம் நம் பங்கைச் செய்தால் என்ன? இரண்டாவது, மாட்ச் நடக்கும் இரவில் சுடச்சுடத் தோசை கிடையாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. தயிர்சாதமும் மாவடுவும் கோடைக்கு எந்த விருந்துக்கும் தாழ்ந்தவை அல்ல. சாயங்காலமே பிசைந்து வைத்துவிடலாம். பிசைவதற்குப் பெரிய பாண்டித்தியம் வேண்டாம். பத்து வயதுப் பையனே பிசையலாம். மூன்றாவது, சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்டவரே கழுவுவது. நான்காவது, தண்ணீர் சுமக்கும் முறையைக் கிரிக்கெட்டில் உள்ளபடியே மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது. திங்களன்று மூத்தவன், செவ்வாயன்று இளையவள், புதனன்று அப்பா.

ஐந்தாவதுதான் முக்கியம். இவ்விதம் மிச்சமாகும் நேரத்தை அவள் என்ன செய்ய வேண்டுமென்று மற்றவர்கள் தீர்மானிக்கக் கூடாது. மாட்ச் பார்த்தால் பார்க்கட்டும். புஸ்தகம் படித்தால் படிக்கட்டும். மாடியில் பாயை விரித்துக் கடற்காற்றில் சும்மா படுத்திருந்தால், அதைவிட உத்தமம்.

முதல் சில தினங்கள் தயிர்சாதத்தில் உப்புக் குறையலாம். இரண்டு தட்டுகள் உடையலாம். பாதகமில்லை. சேப்பாக்கத்தில் முதல் தோல்விக்கும் முதல் வெற்றிக்கும் நடுவே 18 வருஷம் ஆயிற்று; நம் ஜனங்கள் பொறுமையாகக் காத்திருக்கவில்லையா? அடுத்த மாட்ச் நாளில் கூடம் அதிரும்போது, சமையலறையிலிருந்து, “என்ன, அவுட்டா?” என்ற கேள்வி வரத்தான் செய்யும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கேட்கும் குரல் வீட்டு எஜமானருடையதாகவும், “ஆமாம், போய்விட்டான்; நீங்கள் தண்ணீரைக் கொண்டு வாருங்கள்” என்று கூடத்திலிருந்து பதில் சொல்லும் குரல் எஜமானியம்மாளுடையதாகவும் இருக்கட்டும்.